கடித்துக் கொடுத்த அதிரசம்

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? கூட வேலை செய்கிறவருடைய கிண்ணம் சூளையிலிருந்து கீறல் இல்லாமல் வெளியே வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. தோழி ஒருத்தி புது ஸ்கூட்டி வாங்கியபோது, கலர் சகிக்கவில்லை என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. பெற்ற தாயை முன்னிட்டு ஒருத்தி மேல் வயிறு எரிந்தது ஒரே ஒரு முறைதான். அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் வேலை பார்க்கிறேன். பட்டறை என்பது என் வார்த்தை. அதை நடத்துகிற மேடம் ஸ்டுடியோ என்பார். புதுச்சேரி டவுனில் பிறந்து வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். ஒரு நாள் எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு யோசனை சொன்னார். இந்தச் சுற்று வட்டாரத்தில் இருக்கிறவர்கள், வெளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள், எல்லோரிடமும் போய், மறக்கவே முடியாத ஒரு சாப்பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஞாபகத்துக்கும் ஒரு தட்டு செய்ய வேண்டும். கண்காட்சி அன்று அவரவர் வந்து, அவரவர் தட்டில், அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். கேட்டு வருகிற வேலை என் தலையில் விழுந்தது. பாகூர்ப் பக்கத்துப் பெண் நான்தான், எனக்குத்தான் ஊர்ப் பேச்சு வரும் என்றார்.

ஊர்ப் பேச்சு வந்து என்ன பிரயோசனம்? மடுகரையில் ஒரு விவசாயி வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். "மறக்க முடியாத சாப்பாடு எதுங்க?" என்று கேட்டதும், வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார், மனைவி மாமியாரைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் ஒரே குரலில், "ரேஷன் அரிசிதாம்மா துன்றோம், வேற இன்னா இருக்குது எங்ககிட்ட" என்றார்கள். நான் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். நல்ல சாப்பாட்டைச் சொன்னால் ஏழைகளுக்கான சிவப்புக் கார்டு மஞ்சள் கார்டாகிவிடுமாம். உள்ளே கோழிக் குழம்பு வாசனை தூக்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஏழெட்டு வீடு ஆயிற்று. ஒன்று ரேஷன் அரிசி, இல்லையென்றால் கல்யாணப் பிரியாணி. இரண்டுக்கும் தட்டு செய்ய முடியாது.

அப்புறம்தான் எனக்கு ஒரு வழி தோன்றியது. நோட்டுப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, ஈரத் துணியில் சுற்றிய களிமண்ணை எடுத்துக்கொண்டு போனேன். "சும்மா கையில் வச்சிருங்க" என்று ஓர் உருண்டையைக் கொடுத்துவிட்டு வேறு எதையாவது பேசுவேன். கைக்கு வேலை வந்துவிட்டால் வாய் காவலை விட்டுவிடுகிறது. வில்லியனூரில் ஒரு மளிகைக் கடைக்காரர், நான்கு தலைமுறையாகச் சுத்த சைவம், பேசிக்கொண்டே ஒரு முட்டையை உருட்டினார். பள்ளிக்கூடத்தில் சிநேகிதன் டப்பாவிலிருந்து தின்ற முட்டை. மனைவி காபியோடு வந்ததும் அதைச் சட்டென்று தட்டையாக்கி, வடை என்றார். கேரளத்து நர்ஸ் ஒருவர் மரவள்ளிக் கிழங்கை உருட்டினார். மணிப்பூரிலிருந்து படிக்க வந்த மாணவி ஓர் இலையை மட்டும் செய்து, அதன் பெயர் தமிழில் தெரியாமல் ரொம்ப நேரம் விழித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மண் உருண்டை யோசனை என்னுடையது என்று மேடத்திடம் மூன்று தடவை சொன்னேன். அந்த யோசனைதான் எனக்கே வினையாகப்போகிறது என்று அப்போது தெரியாது.

பிள்ளையார்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற கவுண்டரில் ஒரு பெண் இருந்தாள். பனித்திட்டுக்காரி, மீனவக் குடும்பம். கணவன் படகுக்குப் போகிறான், ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவள் எதிரில் உட்கார்ந்து மண்ணைக் கொடுத்தேன். மீன்காரர் வீட்டுப் பெண், சுறாப்புட்டோ இறால் தொக்கோ சொல்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் மண்ணை உள்ளங்கையில் வைத்து வட்டமாகத் தட்டினாள்.

"அதிரசங்க்கா," என்றாள். "அலை வந்துச்சி இல்ல, சுனாமி, அப்ப எனக்கு அஞ்சு வயசு. மேற்கால ஓடியாந்தோம். ஒரு மாதா கோயில் ஸ்கூல்ல தங்க வச்சாங்க. எங்க ஜனங்க நாலஞ்சு ஊர்ல செதறிக் கெடந்தாங்க, நான் இருந்தது எந்த ஊருன்னுகூட தெரியாது. எங்கம்மா தம்பியத் தேடிகினு கடலோரத்துலயே கெடந்துச்சி. நான் வாயத் தெறக்கலியாம். சோறு, பன்னு, இன்னா குடுத்தாலும் துப்பிட்டேனாம்."

தம்பி கிடைத்தானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அப்ப ஒரு அம்மா வந்தாங்க. வேதக்காரங்க. கையில அதிரசம். அத முந்தானையில சுத்தி, காக்காக்கடி கடிச்சி, பாதிய அவங்க வாயில போட்டுகினு மீதிப் பாதிய என் கையில வச்சாங்க. அவங்க மெல்றதப் பாத்துகினே நானும் துன்னுட்டேன். அதுக்கப்பறம் டெய்லி வந்தாங்க. இன்னா கொண்டாந்தாலும் அதே மாரி கடிச்சிக் குடுப்பாங்க. அவங்க பேரு தெரியாது. மூஞ்சிகூட மறந்துபோச்சி."

பேசிக்கொண்டே மண் வட்டத்தில் பாதியைக் கிள்ளி எடுத்திருந்தாள். பிறை மாதிரி இருந்தது. ஆனால் கடித்த ஓரம் முழுசாக உள்வாங்கவில்லை. நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு மேட்டை அக்கறையாகப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா, நடுவுல?" என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு மேல முன்பல்லு ஒண்ணு கெடையாதுக்கா. கடிச்சா அந்த எடத்துல மட்டும் கடிபடாம நிக்கும். அந்த மேட்ட நான் கடைசியாத்தான் துன்னுவேன்."

என் அம்மாவுக்கு மேல் முன்பல் ஒன்று கிடையாது. நடவுக்குப் போன இடத்தில், பம்ப்செட் தொட்டி விளிம்பில் வழுக்கி விழுந்து உடைந்தது. எங்கள் ஊர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில்தான் பனித்திட்டுக்காரர்கள் சிலர் வந்து தங்கினார்கள். அந்த அதிரசம் எங்கள் வீட்டு அதிரசம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

எனக்கு அன்றைக்கு நெகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். பெருமையாவது வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். ஏனென்றால் என் அம்மா எனக்கு ஒரு நாளும் எதையும் கடித்துக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய குற்றம். பள்ளியில் சிநேகிதியோடு ஒரு கம்மர்கட்டைக் காக்காய்க்கடி கடித்தேன் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததற்கு, துணி போட்டுத்தான் கடித்தேன் என்று நான் கதறக் கதற, விளக்குமாற்றால் அடித்திருக்கிறார். ஊட்டிவிடுவதெல்லாம் கிடையவே கிடையாது. விடியுமுன்னே நடவுக்குப் போய்விடுவார். குண்டானில் சோறு இருக்கும், நானே போட்டுக்கொள்ள வேண்டும். பாசம் இல்லாதவர் என்று நான் நினைத்ததில்லை. இப்படித்தான் இவர், வேறு மாதிரி இவருக்கு வராது என்று நினைத்திருந்தேன். வந்திருக்கிறது. என்னிடம் மட்டும் வரவில்லை, அவ்வளவுதான்.

அதிலும் அந்த அதிரசம். அது இருந்த பிஸ்கட் டின்னை நான் எப்படி மறப்பேன்? கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பே சுட்டு அடுக்கிவிடுவார். பண்டிகை அன்று ஆளுக்கு ஒன்று. மறுநாள்தான் முக்கியமான நாள். தட்டில் அதிரசம், முறுக்கு, வாழைப்பழம் வைத்து, துணி போட்டு மூடி, அக்கம்பக்கத்து இந்து வீடுகளுக்கெல்லாம் நான் எடுத்துப்போக வேண்டும். புது ஃபிராக் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தெரு என்னைப் பார்க்கும். அந்த வருடம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்து நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருந்தேன். அப்போதுதான் கிழக்கிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். நனைந்த துணியோடு, சிலர் துணிகூட இல்லாமல். அம்மா உள்ளே வந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தது வெறும் டின். எனக்கு அப்போது பத்து வயது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. அன்றைக்குப் புரிந்தது தட்டுகள் போகவில்லை என்பது மட்டும்தான்.

இப்போது அந்த டின்னில் இருந்ததைத் தின்றவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் எப்படித் தின்றாள் என்று சொல்கிறாள்.

"நீங்க பாகூர்ப் பக்கம்தானக்கா?" என்று கேட்டாள். "அந்தம்மா யாருன்னு விசாரிச்சி சொல்றீங்களா? கல்யாணத்துக்கு அப்பறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்க வூட்டுக்காரரு வண்டியில ரெண்டு மூணு ஊருக்குப் போய்ப் பாத்துட்டேன். கோயில் வாசல்ல நின்னுகினு, பொம்பளைங்க சிரிச்சா பல்லப் பாப்பேன். ஒருத்தருக்கும் அப்பிடி இல்ல."

எப்படி இருக்கும்? அம்மா கட்டுப் பல் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. "பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் செய்த பிறையை ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி அதைப் பிசைந்து உருண்டையாக்கினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தட்டைச் செய்தேன். அதிரசத்தின் நிறம் வர வேண்டும் என்று பூச்சில் இரும்புத்தூள் கூட்டிக் குறைத்து மெனக்கெட்டேன். பக்கத்தில் வைத்தால் எறும்பு வரும்போல இருந்தது. ஆனால் கடித்த ஓரத்தை வழவழவென்று ஒரே வளைவாக இழைத்துவிட்டேன். மேடு இல்லை. அந்த ஓரத்தைத் தேய்க்கும்போது எனக்கு இருந்த நிம்மதியைச் சொன்னால் என்னைக் கேவலமாக நினைப்பீர்கள். என் அம்மாவின் வாயை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் அப்போது தோன்றியது.

தட்டு சூளையிலிருந்து வந்ததும் அதைப் பார்க்க அவள் பட்டறைக்கு வந்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு ஆள்காட்டி விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தினாள்.

"அந்த மேடு இல்லியேக்கா."

"அந்த மாதிரி நீட்டிகினு இருந்தா நிக்காதும்மா. சூட்டுல உதுந்துபோயிடும்."

பச்சைப் பொய். விரல் நுனி அளவு மேடு எங்கும் உதிராது. அதைவிட மெல்லிய இலைக்காம்பெல்லாம் மணிப்பூர் மாணவியின் தட்டில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது, அடுத்த பலகையிலேயே. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததாக்கா, சரி" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் என் பாவம் ஒரு தட்டோடு போயிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். விசாரித்தீர்களா அக்கா, யாராவது சொன்னார்களா அக்கா. நான் இன்னும் கேட்கவில்லை, வேலை அதிகம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வியாழக்கிழமை, "நீங்க அலையவாணாங்க்கா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்காரருக்குக் கடல் லீவு. உங்க ஊருக்கே வந்து நாலு பேரக் கேட்டுப் பாக்குறோம்" என்றாள்.

எங்கள் ஊரில் நான்கு பேரைக் கேட்க வேண்டாம், ஒருத்தரைக் கேட்டால் போதும். அலை வந்தபோது அதிரசம் கொடுத்தது யார் என்றால், நேராக எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவள் அம்மாவின் காலில் விழுவாள். அம்மா அவளைத் தூக்குவார். நான் பக்கத்தில் நின்று டீ போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் காட்சி என் கண்முன் ஓடியது.

"வராத," என்றேன். "நானே விசாரிச்சிட்டேன். உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் இருந்தேன். அந்தம்மா தவறிட்டாங்களாம்."

போனில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. டோக்கன் நம்பரை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எப்பக்கா?" என்று கேட்டாள். இரண்டு மூன்று வருடம் ஆகிறதாம் என்றேன். "நான் முன்னாடியே வந்துருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு, கேஸ் தீர்ந்துபோனதைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அவருக்கு லேசாகச் சளி பிடித்தது. நான் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு தும்மலுக்கு இவ்வளவு கவனிப்பா என்று அவருக்கு ஆச்சரியம்.

பத்து நாள் போயிருக்கும். அவள் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தட்டைப் பற்றி ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நேத்து அமாவாசங்க்கா. அந்தம்மாவுக்குப் படையல் போட்டேன்."

நான் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அவங்க வேதக்காரங்க, நாங்க போடுற சோத்த ஏத்துப்பாங்களோ என்னமோன்னு எங்க மாமியா சொன்னாங்க. அதிரசம்தான, அவங்க குடுத்ததுதான, ஏத்துப்பாங்கன்னு நானே சுட்டேன். ஆனா காக்காவே வரலக்கா. எலய வச்சிட்டு வெயில் ஏறுற வரைக்கும் நின்னேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன். எங்க ஊர்ல மீன் கழுவுன தண்ணிக்கே அத்தினி காக்கா வரும். அன்னிக்கி ஒண்ணுகூட எறங்கல. அவங்களுக்கு என்மேல கோவம்போல. உசுரோட இருக்கும்போது வந்து பாக்கலன்னு."

காக்கை ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அப்படியும் வாசல் பக்கம் காக்கை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நீங்க அவங்க ஊர்க்காரங்க," என்று டப்பாவை என் கையில் வைத்தாள். "நீங்க துன்னா அவங்க துன்ன மாரி. துன்னுடுங்கக்கா. எனக்கு மனசு ஆறும்."

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வில்லியனூரிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் அந்தப் பை ஸ்கூட்டியின் முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது. வழியில் ஏதாவது குளத்தில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா டப்பாவைத் திறந்திருந்தார். என் பையை ஆராய்வது அவருக்கு நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே பழக்கம். ஓர் அதிரசத்தைக் கையில் எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து, கட்டுப் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, நான் "அம்மா, வாணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கடித்துவிட்டார்.

"யாரு வூட்டுது இது?" என்றார் மென்றுகொண்டே. "பாகு முத்திப்போச்சி. கல்லு மாரி இருக்குது. ருசி பரவால்ல."

என் அம்மா தன்னுடைய படையலைத் தானே தின்றுகொண்டிருந்தார். கையில் மீதிப் பாதி இருந்தது. கடித்த ஓரத்தின் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு மேடு. அந்தப் பெண் மண்ணில் பிடித்தது அச்சு அசலாக அதேதான். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேன்டீன், தட்டு, மேடு, அவள் கோயில் கோயிலாகப் பல் பார்த்தது, நான் சாகடித்தது, காக்கை வராதது.

அம்மா மெல்லுவதை நிறுத்தவில்லை. விழுங்கி முடித்துவிட்டு, "நான் செத்து எத்தினி வருசமாச்சின்னு சொன்ன?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு வருசம்."

"அப்ப நூறு நாள் வேலைக்கு யாருடி போறா?"

எனக்கு உள்ளே இருந்தது வேறு கேள்வி. இருபது வருடம் கழித்து, முப்பது வயதுப் பெண் கேட்கிற கேள்வியா அது என்று தெரிந்தும் கேட்டேன். "எனக்கு ஒரு நாளாவது கடிச்சிக் குடுத்துருக்கியா நீ? காக்காக்கடி கடிச்சேன்னு என்ன அடிச்ச இல்ல? அவளுக்கு மட்டும் எப்பிடிக் குடுத்த?"

"எவளுக்கு?" என்றார் அம்மா. "எனக்கு எந்தப் பொண்ணும் ஞாபகம் இல்லடி. அத்தினி புள்ளைங்க இருந்துச்சிங்க. துன்னாததுக்கு எல்லாம் கடிச்சித்தான் குடுத்தேன். நாம துன்னாத்தான் அதுங்க துன்னும். எது பொண்ணு, எது பையன்னு யாரு பாத்தா." கையில் இருந்த அதிரசத்தைத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கிப் புள்ளைங்கள்ல எனக்கு ஞாபகம் இருக்கிறது நீ ஒருத்திதான். புது ஃபிராக்கப் போட்டுகினு டின்னு மேல ஏறி ஒக்காந்துகின. எறங்க மாட்டேன்னுட்ட. கையப் புடிச்சி இழுத்துத் தள்ளிட்டு டின்னத் தூக்கினு போனேன். முட்டியில ரத்தம் வந்துச்சி உனக்கு. நான் திரும்பிக்கூட பாக்கல. ராத்திரி வந்து பாத்தா, கழுவி வச்ச தட்டு எல்லாத்தையும் நீயே எடுத்து உள்ள வச்சிட்டுத் தூங்கிப்போயிருந்த."

டின் மேல் உட்கார்ந்தது எனக்கு ஞாபகமே இல்லை. முட்டியைத் தடவிப் பார்த்தேன். தழும்பு ஒன்றும் இல்லை.

"போனப் போடு" என்றார்.

"அம்மா, நானே நாளைக்கி நேர்ல போயி..."

"போடுடி."

போட்டேன். அவள் எடுத்து, "துன்னீங்களாக்கா?" என்று கேட்டது வெளியே கேட்டது. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தாம்மா. செத்துப்போனவ பேசுறேன்," என்றார். "பயப்படாத. உசுரோடதான் இருக்குறேன். உங்கிட்ட பொய் சொன்னா இல்ல, அது எம்பொண்ணுதான். வயித்தெரிச்சல் புடிச்சது. நீ அத மனசுல வச்சிக்காத. காக்கா எப்பிடி வரும், சொல்லு. நான் இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துகினு இருக்குறேன்."

 அந்தப் பக்கம் ஓர் அழுகை கேட்டது. பெரியவர்கள் அழுகிற மாதிரி இல்லை அது. அம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஏதோ கேட்டாள்.

"ஞாபகம் இல்லாம இன்னா?" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். "வாயே தெறக்க மாட்ட நீ. நல்லா ஞாபகம் இருக்குது. அழுவாத. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வூட்லதான் இருப்பேன், புள்ளையத் தூக்கினு வா. அப்பறம் கேளுடி, பாகு முத்திப்போச்சி. தண்ணியில ஒரு சொட்டு வுட்டா உருட்ட வரணும், அப்பவே எறக்கிடணும், புரியுதா?"

அவளையும் டி போட்டுப் பேசினார். பத்து நிமிடம் முன்னால் வரைக்கும் அந்த டி எனக்கு மட்டும்தான் இருந்தது. திரும்ப வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் எரிந்தது. ஒரு பிள்ளை தன்னை ஞாபகம் வைத்திருக்கிறது என்பதற்காக இந்தப் பொம்பளை எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பொய் சொல்வதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று.

பேசிக்கொண்டே அம்மா இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார். மீதிப் பாதி அதிரசம். அதைப் பிடித்துக்கொண்டு பேசுவது அவருக்குச் சிரமமாக இருந்திருக்கலாம். வாங்கிக்கொண்டேன். முந்தானை போடாமல் கடித்தது, ஓரமெல்லாம் எச்சில். கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தது. தட்டை மறுபடி செய்தாக வேண்டும். அளவெடுக்க இதைவிட நல்ல அச்சு கிடைக்காது. பையில் களிமண்கூட இருந்தது.

பல் வலிக்கிற அளவுக்குக் கெட்டி. இரண்டு ஓரத்தையும் முதலில் தின்றேன். அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மேட்டைக் கடைசியாகத் தின்றேன்.